மழையில் மலைப்பாதையில் ஓட்டும்போது காருக்குள் கவனம் சிதறாமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

ஈரச்சாலை எழுதியது:

வணக்கம். 11 வருடமாகக் கார் ஓட்டுகிறேன், இதுவரை பெரிதாக எங்கும் இடித்ததில்லை. ஆனால் போன வாரம் நடந்த ஒன்று மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

இரவு எட்டரை மணி இருக்கும். மலைப்பாதை, நல்ல மழை. பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் (ஒருவனுக்கு 7 வயது, சின்னவனுக்கு 4), பக்கத்தில் மனைவி. முன்கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிந்து மங்க ஆரம்பித்தது. பழைய காரில் இதற்கு ஒரு திருகு இருந்தது, கை தானாகப் போய்த் திருப்பிவிடும். இப்போது வாங்கிய காரில் எல்லாமே டச் ஸ்கிரீனுக்குள் இருக்கிறது. ஒன்றைத் தொட்டு, உள்ளே போய், இன்னொன்றைத் தொட்டு என்று தேடிக்கொண்டிருந்தபோதே போன் ஒலித்தது, திரையில் மேப் மறைந்து யார் கூப்பிடுகிறார்கள் என்று பெரிதாக வந்து நின்றது, சின்னவன் கீழே விழுந்த பொம்மையை எடுத்துக் கொடு என்று அழ ஆரம்பித்தான், நான் "இருடா" என்று சொல்லிக்கொண்டே அழைப்பைத் துண்டிக்கப் பார்த்தேன். நிமிர்ந்தால் வளைவில் எதிரே லாரியின் விளக்கு. நான் நடுக்கோட்டைத் தாண்டியிருந்தேன். லாரிக்காரர் ஒதுங்கியதால் தப்பித்தோம். வண்டியில் யாருமே கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்த மாதம் இதே பாதையில் மறுபடியும் போக வேண்டியிருக்கிறது, போகாமல் இருக்க முடியாது. நான் வேகமாக ஓட்டுகிற ஆள் இல்லை, அன்றைக்கும் 40ஐத் தாண்டவில்லை. பிரச்சினை முழுக்கக் காருக்குள்ளேயே இருந்தது. இந்த மாதிரிப் பாதையில் நீங்கள் என்னவெல்லாம் ஏற்பாடு செய்துகொள்கிறீர்கள்? போனை ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் போட்டுக்கொண்டால் போதுமா? குழந்தைகளை என்ன செய்வது?

---

டீசல் வாசம் எழுதியது:

தம்பி, முதலில் எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்ததே பெரிய விஷயம். அன்றைக்கு நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறாய், அதனால் நானும் நேராகவே சொல்கிறேன். நான் 24 வருடம் கனரக வண்டி ஓட்டியவன், அதில் பாதி மலைப்பாதைதான்.

40இல்தான் போனேன் என்கிறாய். 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகும். மூன்று நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர். கொண்டை ஊசி வளைவு ஒன்று அதற்குள் முடிந்தே போய்விடும், அதாவது ஒரு முழு வளைவை நீ பார்க்காமலேயே ஓட்டியிருக்கிறாய். மழையில் பிரேக் பிடிக்கிற தூரம் காய்ந்த சாலையைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார். நேர்ச்சாலையில் ஒரு சின்னத் தவறை நிமிர்ந்ததும் சரிசெய்துகொள்ளலாம், மலையில் நிமிர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

கண்ணாடி மங்குவது திடீரென்று வருகிற விஷயம் இல்லை. ஐந்து பேர் மூச்சு விடுகிறீர்கள், துணியெல்லாம் ஈரம், வெளியே குளிர். மங்கத்தான் செய்யும். மழையில் கிளம்புகிறோம் என்றால் கிளம்பும்போதே ஏசியைப் போடு, காற்று முன்கண்ணாடிக்குப் போகிற மாதிரி வை, உள்காற்றையே சுற்றவிடுகிற பொத்தானை அணைத்து வெளிக்காற்றை விடு. ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும். குளிர்கிறதென்றால் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் ஏசியை அணைக்காதே. நிறையப் பேர் குளிர் நாளில் ஏசி எதற்கு என்று அணைத்துவிட்டுக் கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள், பார்க்கவே பதறும்.

அப்புறம், புது வண்டி என்றால் நிறுத்தி வைத்தபடியே ஒரு மணி நேரம் உள்ளே உட்கார். வைப்பர் வேகம், ஹைபீம் லோபீம், நான்கு இண்டிகேட்டரையும் சேர்த்து எரிய விடுகிற பொத்தான், கண்ணாடி ஆவியைப் போக்குகிற பொத்தான். கண்ணை மூடிக்கொண்டு கை போகிற வரைக்கும் பழகு. எங்களுக்குப் புது வண்டி கொடுத்தால் முதல் நாள் இதைத்தான் செய்வோம். டச் ஸ்கிரீனில் கண்ணை மூடிக்கொண்டு எதுவும் செய்ய முடியாது, தெரியும். அப்படியானால் அதிலுள்ள எதையும் வண்டி நகரும்போது தொடுவதில்லை என்று வைத்துக்கொள். பல வண்டிகளில் ஸ்டியரிங்கிலேயே ஒரு பொத்தானுக்கு நமக்கு வேண்டிய வேலையைக் கொடுக்கலாம், உன் வண்டியின் கையேட்டைப் பார்.

தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. பாட்டில், பொம்மை, செருப்பு, எதுவும். இறக்கத்தில் ஒரு தண்ணீர் பாட்டில் உருண்டு வந்து என் பிரேக்குக்கு அடியில் மாட்டிக்கொண்டது ஒரு தடவை. காலால் மிதிக்கிறேன், இறங்கவில்லை. கியரைக் குறைத்துக் கைபிரேக்கை மெதுவாக இழுத்து நிறுத்தினேன். அன்றிலிருந்து ஓட்டுநர் காலடியில் ஒரு காகிதத்தைக்கூட விட்டதில்லை.

பிள்ளை அழுதால் அழட்டும். அழுகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடாது, திரும்பிப் பார்க்கிற அப்பாவால்தான் ஆகும். ரொம்ப அழுதால் ஓரங்கட்டி நிறுத்து, ஆனால் வளைவில் நிறுத்தாதே, பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது. நேராகத் தெரிகிற அகலமான இடம் வரும்வரை போய் நிறுத்து.

---

சிமுலேட்டர் எழுதியது:

டீசல் வாசம் அண்ணா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஓட்டுநரின் கவனத்தைப் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொடர்ந்து படிக்கிறவன் நான். ஹேண்ட்ஸ்ஃப்ரீ போதுமா என்ற கேள்விக்கு என் பதில்: போதாது, அதுவும் நீங்கள் சொல்கிற பாதையில் கண்டிப்பாகப் போதாது.

கவனம் மூன்று விதமாகப் போகும். கண் சாலையை விட்டுப் போவது, கை ஸ்டியரிங்கை விட்டுப் போவது, மனம் ஓட்டுவதை விட்டுப் போவது. ஹேண்ட்ஸ்ஃப்ரீ முதல் இரண்டைக் குறைக்கும். மூன்றாவது அப்படியே இருக்கும், அதுதான் நம் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இதைப் பல வருடம் சோதித்தார்கள். போனைக் கையில் வைத்துப் பேசினாலும் ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசினாலும் ஓட்டுவது ஏறத்தாழ ஒரே அளவுக்குக் கெட்டது. கண் சாலையைப் பார்த்தபடிதான் இருக்கும், ஆனால் பார்த்தது மனதில் பதியாது. விபத்துக்குப் பிறகு "பார்த்துக்கொண்டுதானே வந்தேன், எங்கிருந்து வந்தான் என்றே தெரியவில்லை" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை.

இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதே பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் சாலைப் பாதுகாப்பு அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட முடிவு. குரல் கட்டளையால் கார் கருவியை இயக்கி முடித்த பிறகும் மனம் முழுதாகச் சாலைக்குத் திரும்ப 27 நொடி வரைக்கும் ஆகலாம் என்று கண்டார்கள். உங்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர். ஆகவே "வளைவுக்கு முன்னால் பேச்சை முடித்துவிட்டேன்" என்பது போதாது, அதற்கும் வெகு முன்னால் முடித்திருக்க வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒரு அளவு இருக்கிறது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 100 கார்களில் கேமரா வைத்து நிஜச் சாலையில் ஓட்டுநர்களைக் கவனித்தார்கள், 2006இல் முடிவு வந்தது. இரண்டு நொடிக்கு மேல் கண் சாலையை விட்டு விலகினால் மோதலோ மயிரிழையில் தப்புவதோ நிகழும் வாய்ப்பு குறைந்தது இரு மடங்காகிறது. பிறகு 2013இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை கார் கம்பெனிகளுக்குக் கொடுத்த வழிகாட்டுதலிலும் இந்த இரண்டு நொடி வருகிறது, ஒரு வேலைக்காகக் கண்ணைத் திருப்புகிற நேரம் மொத்தமாகவே 12 நொடிதான். அதுகூட எல்லாச் சாலைக்கும் பொதுவாகச் சொன்னது. மழை பெய்கிற மலைப்பாதையில் இரண்டு நொடியை நமக்குக் கிடைத்த சலுகையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டச் ஸ்கிரீன் விஷயத்தில் உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள், அது நிஜமாகவே கஷ்டமான கருவி. ஸ்வீடனில் வீ பிலேகரே என்ற கார் பத்திரிகை 2022இல் ஒரு சோதனை செய்தது. மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓட்டியபடி சூட்டைக் கூட்டுவது, ரேடியோவை மாற்றுவது மாதிரியான நான்கு சின்ன வேலைகள். பொத்தான் உள்ள 2005ஆம் வருட வோல்வோவில் 10 நொடியில் முடிந்தது. திரை வைத்த புதுக் கார்களில் மிக மெதுவானதில் 44 நொடிக்கு மேல் ஆனது, அதற்குள் கார் 1,300 மீட்டருக்கு மேல் போய்விட்டது. இத்தனைக்கும் ஓட்டியவர்களுக்கு முன்கூட்டியே பழக நேரம் கொடுத்திருந்தார்கள். இப்போது ஐரோப்பாவில் புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் கொடுக்கிற யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தான் இருக்கிறதா என்பதையும் மதிப்பெண்ணில் சேர்த்திருக்கிறது. நல்ல விஷயம், ஆனால் ஏற்கெனவே வாங்கிய காரை வைத்துக்கொண்டு நீங்கள் அடுத்த மாதம் போக வேண்டும். அதனால் அண்ணா சொன்னதுதான் வழி, நகரும்போது திரையைத் தொடாதீர்கள்.

---

ஐந்தாம் கியர் எழுதியது:

கொஞ்சம் அதிகமாகப் பயமுறுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது. நான் 9 வருடமாக ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டே ஓட்டுகிறேன், வேலை அப்படி. ஒன்றும் ஆனதில்லை. பக்கத்தில் இருப்பவரோடு பேசுவதும் போனில் பேசுவதும் ஒன்றுதானே? அப்படியானால் மனைவியோடும் பேசக் கூடாதா?

---

சிமுலேட்டர் எழுதியது:

ஐந்தாம் கியர், நியாயமான கேள்விதான். இரண்டும் ஒன்றில்லை. பக்கத்தில் இருப்பவர் நீங்கள் பார்க்கிற சாலையையே பார்க்கிறார். எதிரே பேருந்து வந்தால் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார், சில சமயம் உங்களுக்கு முன்னால் அவரே கவனித்து "அங்கே பார்" என்பார். போனில் இருப்பவருக்கு நீங்கள் வளைவில் இருப்பது தெரியாது, பதில் வரவில்லை என்றால் "ஹலோ, ஹலோ, கேட்கிறதா" என்று இன்னும் வற்புறுத்துவார். இதையும் யூட்டா குழுவினரே 2008இல் சோதித்தார்கள். ஒரு குறிப்பிட்ட இடத்தில் சாலையை விட்டு வெளியேற வேண்டும் என்று ஓட்டுநரிடம் சொல்லியிருந்தார்கள். போனில் பேசியவர்கள் பலர் அந்த இடத்தைத் தவறவிட்டார்கள், பக்கத்தில் ஆள் வைத்துப் பேசியவர்களில் பெரும்பாலோர் சரியாக வெளியேறினார்கள்.

9 வருடம் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த 9 வருடத்தில் கவனம் போன நொடியும் எதிரே ஆள் வந்த நொடியும் ஒன்றாகச் சேரவில்லை என்றுதான் பொருள். கேள்வி கேட்டவருக்கும் 11 வருடம் ஒன்றும் ஆகவில்லை. தயவுசெய்து, மழையிலும் பனிமூட்டத்திலுமாவது அழைப்பை எடுக்காதீர்கள்.

---

பக்கத்து இருக்கை எழுதியது:

எல்லோரும் ஓட்டுகிறவர் பக்கமிருந்தே எழுதுகிறீர்கள். நான் ஓட்டுவதில்லை, 16 வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறவள். அங்கேயும் வேலை இருக்கிறது.

என் தம்பி விமானப் பராமரிப்பில் இருக்கிறான், அவன் சொல்லித்தான் இது எங்கள் வீட்டுக்கு வந்தது. 1974இல் அமெரிக்காவில் சார்லட் என்ற ஊரில் மூடுபனியில் இறங்கிய ஒரு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதி 70க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விசாரித்துப் பார்த்தால் இறங்குகிற நேரத்தில் விமானிகள் சம்பந்தமில்லாத பேச்சு பேசிக்கொண்டிருந்தார்கள், உயரத்தைக் கவனிக்கவில்லை. இதையும் இப்படி நடந்த வேறு சில விபத்துகளையும் பார்த்துத்தான் 1981இல் அங்கே ஒரு விதி வந்தது. ஏறும்போதும் இறங்கும்போதும், பொதுவாக 10,000 அடிக்குக் கீழே, விமானி அறையில் ஓட்டுவதற்குத் தேவையில்லாத ஒரு வார்த்தையும் பேசக் கூடாது, ஒரு வேலையும் செய்யக் கூடாது. மேலே போய்விட்டால் பேசிக்கொள்ளலாம். இதில் எனக்குப் பிடித்தது, எப்போது பேசலாம் எப்போது கூடாது என்பதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்க வேண்டியதில்லை, முன்னாலேயே முடிவாகிவிட்டது.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு சொல் வைத்திருக்கிறோம். ஓட்டுகிறவர் "ரோடு" என்பார். அவ்வளவுதான். பாட்டு நிற்கும், பேச்சு நிற்கும், பிள்ளைகள் கேட்க நினைத்த கேள்வியை அப்படியே வைத்துக்கொள்வார்கள். "சரி" என்று அவர் சொல்லும்வரை. அவர் சொல்ல மறந்தால் நான் சொல்வேன், மழை வலுத்தாலோ பனி இறங்கினாலோ. பிள்ளைகளுக்கு இது தண்டனையாகத் தெரியக் கூடாது என்பதற்காக வீட்டிலேயே நாற்காலிகளைப் போட்டு விளையாட்டாகப் பழக்கினோம், பெரியவள் அப்போது ஐந்து வயது, புரிந்துகொண்டாள். நான்கு வயதுப் பிள்ளை முழுதாகக் கேட்காது, அதற்காகத்தான் பெரியவர் ஒருவர் பின்னால் இருக்க வேண்டும்.

உங்கள் மனைவியிடம் இதைச் சொல்லுங்கள்: போன் அவர்கள் கையில், அழைப்பு வராத மாதிரி வைத்து. மேப் அவர்களுடையது, "அடுத்து இடதுபக்கம், இன்னும் தூரம் இருக்கிறது" என்று வாயால் சொல்லட்டும். காற்று, சூடு, திரையில் என்ன இருந்தாலும் அவர்கள் விரல்தான் தொட வேண்டும். நான் பக்கத்தில் இருக்கும்போது என் கணவர் கை ஸ்டியரிங்கையும் கியரையும் விட்டு நகர வேண்டிய அவசியமே வராது. பின்னாலிருக்கிற பிள்ளைகளுக்குத் தண்ணீர், பொம்மை, துணி எல்லாம் ஒரு பையில், பின்னால் இருப்பவர் மடியிலேயே இருக்கட்டும். பொம்மையை ஒரு நாடாவில் கட்டிவிட்டால் கீழே விழாது.

அம்மாவிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். எங்கள் மாமியார் ஒவ்வொரு வளைவிலும் "ஐயோ பார்த்துப்பா!" என்பார்கள், பாசத்தில்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்கு ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்துவிடுகிறார். எங்கே ஆபத்து என்று தெரிந்தால் எங்கே என்று சொல்லுங்கள், பயமாக இருந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒருநாள் உட்கார்ந்து சொன்னேன். அதிலிருந்து என் தோளைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

---

இரவுப்பறவை எழுதியது:

சின்னதாக ஒன்று. இரவில் திரையின் வெளிச்சத்தை முடிந்த அளவு குறைத்துவிடுங்கள், முடிந்தால் திரையையே அணைத்துவிடுங்கள். பளிச்சென்ற திரையைப் பார்த்துவிட்டு இருட்டுச் சாலையைப் பார்த்தால் கண் பழக நேரம் எடுக்கும், 40 வயதைத் தாண்டினால் கிட்டத்திலிருந்து தூரத்துக்குப் பார்வை மாறுவதும் மெதுவாகும். கோட்டைத் தாண்டினால் ஒலிக்கிற எச்சரிக்கை, முன் கார் நெருங்கினால் ஒலிக்கிற எச்சரிக்கை இவையெல்லாம் எந்தச் சத்தத்தில் வரும் என்று முன்னாலேயே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். மழையில் கோடு சரியாகத் தெரியாத இடத்தில் அவை தப்பாகவும் ஒலிக்கலாம். எது ஒலிக்கிறது என்று திரையில் தேடுவதே தனி ஆபத்து. பனிமூட்டத்தில் ஹைபீம் போடாதீர்கள், வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும்.

---

ஈரச்சாலை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று நிறுத்தி வைத்த காரில் மனைவியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். கண்ணாடி ஆவியைப் போக்குவதற்குத் திரைக்குக் கீழே ஒரு தனிப் பொத்தான் இருந்திருக்கிறது, மற்ற பொத்தான்களோடு ஒட்டி, இருட்டில் தெரியாத இடத்தில். கண்ணை மூடி 20 தடவை தொட்டுப் பழகினேன். போனில் ஓட்டும் நேரத்துக்கான அமைப்பைப் போட்டு, கூப்பிடுகிறவர்களுக்கு "வண்டி ஓட்டுகிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று தானாகப் பதில் போகும்படி செய்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும். யாரும் பேசாமல், பாட்டும் இல்லாமல் போனால் தூக்கம் வராதா? ஐந்து மணி நேரப் பயணம்.

---

டீசல் வாசம் எழுதியது:

பக்கத்து இருக்கை அம்மா சொன்ன "ரோடு" ஐந்து மணி நேரத்துக்கும் இல்லை தம்பி, கஷ்டமான துண்டுக்கு மட்டும். நேர்ச்சாலையில் தாராளமாகப் பேசிக்கொண்டு போங்கள். மலையில், மழையில், பயம் இருக்கிற இடத்தில் தூக்கம் அவ்வளவாக வராது, இறங்கிச் சமவெளிக்கு வந்து மனம் தளர்கிற இடத்தில்தான் வரும். அப்படி வந்தால் அதைப் பேச்சாலும் பாட்டாலும் ஓட்ட முடியாது, நான் எல்லாவற்றையும் செய்து பார்த்தவன். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஒரு காபி குடித்துவிட்டு 15, 20 நிமிடம் கண்ணை மூடு. விழித்ததும் உடனே எடுக்காதே, இறங்கி நாலு எட்டு நடந்துவிட்டு எடு. முடிந்தால் பகலிலேயே மலையைத் தாண்டிவிடுகிற மாதிரிக் கிளம்பு.

---

ஈரச்சாலை எழுதியது:

போய்விட்டு வந்து எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

காலையிலேயே கிளம்பினோம். மலை ஏறும்போது மழை இல்லை, உச்சியில் பனி இறங்கியது. ஆறு தடவை "ரோடு" சொன்னேன், அதில் இரண்டு தடவை எனக்கு முன்னால் மனைவி சொன்னாள். சின்னவன் ஒரு தடவை விடாமல் அழுதான். முதலில் உள்ளுக்குள் கை துடித்தது, திரும்பவில்லை. இரண்டு வளைவு தாண்டி அகலமான இடம் வந்ததும் நிறுத்தினேன், மனைவி பின்னால் போய் அவனைத் தூக்கிக்கொண்டாள். காது அடைத்திருக்கிறது, அதுதான் அழுகை. கொஞ்சம் தண்ணீர் குடிக்க வைத்ததும் சரியாகிவிட்டது, ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்திருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்காது. போனில் நான்கு அழைப்புகள் தவறியிருந்தன, நான்கும் மாலையில் பேசிக்கொள்ளக்கூடியவை. வழக்கத்தைவிட 40 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம்.